மீட்புச் செலவு யாரைச் சார்ந்தது?

மக்கள் தாமே வலியச் சென்று இடருக்கு உட்படுவது இரு திறத்தது. வயிற்றின்பொருட்டு உட்படுவது ஒன்று. மகிழ்ச்சியின்பொருட்டு உட்படுவது மற்றொன்று. கட்டுமரம் ஏறிக் கடலுட் செல்லும் பரதவரும், நிலக்கரிச் சுரங்கத்துள் இறங்கும் தொழிலாளரும் முதல் திறத்தார். மலைமுடி ஏறுவோர், குகையுட் புகுவோர், அருவியின் உச்சியில் நின்று படம் பிடிப்போர் முதலாயினோர் இரண்டாம் திறத்தார். முதல் திறத்தார் துன்புற்றால் அவரை மீட்பதற்கு ஆகும் செலவைக் குறித்து எவரும் வாய்திறவார். இரண்டாம் திறத்தார் துன்புற்றாலோ, "இவரை யார் போகச் சொன்னார்? இவருடைய விளையாட்டிற்கு ஊரார் பணம் ஏன் செலவாகவேண்டும்?" என்னும் வினா உடனே எழுகின்றது.

இவ்வினா இழித்துத் தள்ளத்தக்கதன்று. உல்லாசப் பயணம் என்பதனையே வாழ்நாளில் அறியாத ஏழைகளும் இந்நாட்டில் வரி கொடுக்கின்றனர். அவர் கொடுத்த பொருள் எவ்வழியிற் செல்கின்றது என்று கேட்பது முறையே. ஆயினும், இவ்வினாவை எழுப்புவோரும் மறுப்போரும் கணக்கின் ஒரு பக்கத்தையே பார்த்து வழக்காடுகின்றனர் என்பது என் துணிபு. மீட்கப்பட்டவன் கொடுப்பதா, அரசாங்கம் கொடுப்பதா என்றே இருசாராரும் வினவுகின்றனர். இப்பொழுது உண்மையிற் கொடுத்துக்கொண்டிருப்பவர் யார் என்று வினவுவோர் அரியர். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையன்று, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நிகழ்ந்ததை நம்மவர் மறந்திரார். போடிநாயக்கனூரை அடுத்து மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர் குரங்கணி. அதற்கு மேலே, முகில் தவழும் உயரத்தில், கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் இருக்கின்றது. சென்னையினின்றும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளினின்றும் வந்த இளைஞரும் மகளிருமாக முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மலையேறிச் சென்று, இறங்கி வருகையில் காட்டுத்தீயின் நடுவே அகப்பட்டனர். கோடையின் தொடக்கத்திற் காய்ந்து நின்ற புல்லைப் பற்றிய தீ, காற்றின் துணைகொண்டு சரிவுகளில் விரைந்து பரவிற்று. இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவருட் சிலர் அவ்விடத்திலேயே மாய்ந்தனர். ஏனையோர் தீப்புண்ணுடன் பல நாள் வைத்தியசாலையிற் கிடந்து உயிர் நீத்தனர்.

அன்று மீட்க வந்தோர் யாவர்? வனத்துறையினர் வந்தனர், தீயணைப்புத் துறையினர் வந்தனர், காவலர் வந்தனர், விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் வீரரும் வந்தனர். இவர் யாவரும் வந்து சேருமுன்னரே தீயின் அருகே சென்றவர் மலையூர் மக்களும் தோட்டத் தொழிலாளருமே. வெந்த உடம்பினரைப் போர்வையிற் கிடத்தித் தோள்மேற் சுமந்து, செம்மையான பாதையில்லாச் சரிவில் இறங்கியவர் அவரே. பின்னர் அரசாங்கம் இறந்தோர் குடும்பத்திற்கு நான்கு லட்சம் ரூபாய் வழங்கிற்று. விசாரணைக்கு ஓர் அதிகாரியை நியமித்தது. மலையேற்றத்திற்குப் புதிய விதிகளை அவ்வாண்டே வகுத்தது. இவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும், போர்வை தூக்கியவருள் ஒருவர் கால் இடறிப் பள்ளத்தில் வீழ்ந்திருப்பாராயின் அவர் மனைவி மக்களை யார் காத்திருப்பார் என்னும் வினா மட்டும் பலர் வாயினின்றும் பிறக்கவில்லை. இக்கட்டுரை அவ்வினாவினின்றே தோன்றியது.

"மீட்கப்பட்டவரே செலவைத் தரவேண்டும்" என்போர் கூறும் காரணங்கள் இரண்டு. இன்பம் நுகர்ந்தவனே அதன் விலையையும் தருதல் நீதி என்பது ஒன்று. செலவு தன் தலைமேல் விழும் என்று அறிந்தவன் முன்னெச்சரிக்கையோடு நடப்பான் என்பது மற்றொன்று. இரண்டும் கேட்பதற்கு இனிய காரணங்களே.

இக்கொள்கையைச் சட்டமாகவே செய்து பார்த்த இடமும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் வெண்மலைகள் என்னும் மலைத்தொடர் உள்ளது. அதன் உயர்ந்த முடியாகிய வாஷிங்டன் சிகரம் 6,288 அடியே உயரமுடையது. நம் நீலகிரியின் தொட்டபெட்டாவினும் தாழ்ந்தது. எனினும் அங்கு வீசும் காற்றுக் கொடியது. 1934-ஆம் ஆண்டில் ஒருநாள் அது மணிக்கு 231 மைல் வேகத்தில் வீசியதாக அளந்திருக்கின்றனர். அம்மாகாணத்தில் மலையில் வழிதவறியோரைத் தேடும் பொறுப்பு மீன்பிடி வேட்டைத் துறையைச் சார்ந்தது. அத்துறையோ மீன்பிடிப்போரும் வேட்டையாடுவோரும் செலுத்தும் அனுமதிக் கட்டணத்தையே பெரிதும் நம்பியிருப்பது. மலையேறுவோர் ஒன்றும் கொடாதிருக்க, தூண்டில் பிடித்தவன் அவரைக் காக்கும் செலவைச் சுமந்தான். இஃது ஒவ்வாமை கண்டு, கவனக்குறைவினால் இடருற்றவரிடமிருந்து செலவை வாங்கலாம் என்று சட்டம் செய்தனர். 2009-ஆம் ஆண்டில் 17 வயதுடைய மாணவன் ஒருவன் அம்மலையில் மூன்று இரவுகள் தனியே கிடந்து, உயிரோடு மீட்கப்பட்டான். அவனுக்கு 25,000 டாலருக்கு மேற்பட்ட தொகைக்குப் பட்டியல் அனுப்பப்பட்டது. நாடெங்கும் அதனைப் பற்றிய வாதம் எழுந்தது.

அம்மாணவன் நம் வகுப்புத் தோழன் ஒருவனாயின் யாது எண்ணுவோம்? பிழைத்து வந்த மகனைத் தழுவிய தாய், மறுதிங்களில் அப்பட்டியலைப் பிரித்துப் படிக்கின்றாள். செல்வர் வீட்டுப் பிள்ளையாயின் தந்தை ஒரு காசோலையில் அதனைத் தீர்த்துவிடுவார். ஏழை வீட்டுப் பிள்ளையாயின் அவன் படிப்பும், தங்கையின் மணமும், குடியிருக்கும் வீடும் அதனுள் மூழ்கும். ஒரே பிழைக்கு இருவேறு தண்டனை விதிப்பதனை நீதி என்று கொள்ளுதல் எங்ஙனம்?

கவனக்குறைவு இன்னது என்று அளப்பதும் எளிதன்று. முகில் கூடும் என்று தெரிந்தும் நடந்தவன் பிழை செய்தவனே. ஆயினும், அவனைப்போலவே நடந்து முகில் கூடாமையால் நலமே வீடு திரும்பியவர் நூற்றுவர் உளர். திருவள்ளுவர் வலியறிதல் என்று ஓரதிகாரமே வகுத்தார் எனின், தன் வலியை அறிதல் எத்துணை அருமையுடையது என்பது போதரும். நிகழ்ந்தபின்னர் நாற்காலியில் அமர்ந்து நோக்குவார்க்கு எல்லாப் பிழையும் வெளிப்படையாகத் தோன்றும்.

இவற்றினும் வலிய மறுப்பொன்று உண்டு. அஃது எழுந்தது மீட்பவரிடமிருந்தே. அமெரிக்காவில் 1959-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மலைமீட்புச் சங்கம் என்பது ஊதியம் பெறாத் தொண்டர் குழுக்களின் கூட்டமைப்பு. நள்ளிரவில் அழைப்பு வந்தால் எழுந்தோட வேண்டியவர் இவரே. ஆதலின், மீட்புக்குக் கட்டணம் வாங்கவேண்டும் என்று முதலிற் கூவவேண்டியவரும் இவரே என்று நினைப்போம். அவரோ அதனை எதிர்க்கின்றனர். காரணம் யாதெனின், பட்டியலுக்கு அஞ்சியவன் அழைப்பதற்குத் தாழ்ப்பான். நண்பகலில் கால் பிசகியவன், "சிறிது பொறுத்துப் பார்ப்போம்" என்று மாலைவரை இருப்பான். அதற்குள் இருள் சூழும், மழை வரும், நோவு மிகும். பகலில் இருவர் எளிதில் தூக்கி வந்திருக்கக்கூடியவனை இரவில் பன்னிருவர் தம் உயிரைப் பணயம் வைத்துத் தூக்கி வருவர். ஆகவே, செலவைக் குறைப்பான் வேண்டி எழுந்த சட்டம் செலவைப் பெருக்குவதோடு, மீட்பவர் உயிருக்கும் கேடாய் முடியும்.

கடல் வழங்கும் நாட்டார் இதனை நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்தனர். இடருற்ற கப்பலையும் சரக்கையும் மீட்டவனுக்குப் பொருளுடையோர் பரிசு தரவேண்டும் என்பது பழைய கடல்வழக்கு. மீட்கப்பட்ட மனிதர் தம் உயிரின்பொருட்டுக் கொடுக்கவேண்டுவது யாது? 1910-ஆம் ஆண்டில் புரூசெல்ஸ் நகரிற் செய்த உடன்படிக்கை, உயிர் காக்கப்பட்டவர் ஒன்றும் தரவேண்டுவதில்லை என விதித்தது. 1989-ஆம் ஆண்டின் உடன்படிக்கையும் அதனையே உறுதிப்படுத்திற்று. ஆனால் அவ்விதியின் மறுபகுதியும் நினைவிற் கொள்ளத்தக்கது. உயிரை மீட்டவன் வெறுங்கையனாய்ப் போதல் தகாது என்று கருதி, அதே விபத்தில் பொருளை மீட்டவன் பெறும் பரிசினின்றும் அவனுக்கு நியாயமான பங்கு உண்டு என்று அவ்வுடன்படிக்கைகள் கூறுகின்றன. உயிருக்கு விலை இல்லை. உழைப்பிற்கு உரிமை உண்டு. வழக்கின் தீர்ப்பு இவ்விரு தொடரிலும் அடங்கியிருக்கின்றது என்பது என் எண்ணம்.

இனி, நாம் முதலில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். பட்டியல் அனுப்பாவிடில் செலவு மறைந்துவிடுமோ? மறையாது, அது வேறொருவர் தோளில் ஏறும். 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தாய்லாந்து நாட்டுத் தாம் லுவாங் குகையுள், கால்பந்து ஆடும் சிறுவர் பன்னிருவரும் அவர்தம் பயிற்சியாளரும் உல்லாசமாகப் புகுந்து, மழைநீர் வழியை மறைத்தமையால் அகப்பட்டுக்கொண்டனர். பல நாட்டு முக்குளிப்போர் அங்குக் கூடினர். ஜூலை மாதம் 10-ஆம் நாளுக்குள் பதின்மூவரும் உயிருடன் மீண்டனர். உலகம் மகிழ்ந்தது. ஆயினும், அக்கணக்கை இருவகையினர் தீர்த்தனர். சமான் குனான் என்பார் கடற்படையை விட்டு விலகி வேறு தொழில் செய்து வந்தவர். தாமே விரும்பி வந்து குகையுட் காற்றுக் கலங்களை வைத்துத் திரும்புகையில் ஜூலை 6-ஆம் நாள் மூச்சற்று மாண்டார். குகையினின்றும் இறைத்த நீர் அருகிலிருந்த உழவர்தம் வயல்களில் பாய்ந்து பயிரை அழித்தது. அவருட் சிலர், பிள்ளைகள் பிழைத்தால் அதுவே போதும் என்று நஷ்டஈட்டையும் வேண்டாவென்றனர்.

அவ்வுழவரின் பெருந்தன்மையைப் போற்றுவோம். ஆனால் ஒரு நாட்டின் ஏற்பாடு ஏழை உழவரின் பெருந்தன்மையை மூலதனமாகக் கொண்டு நடைபெறலாகாது. நம் மலைகளிலும் இன்று நிகழ்வது அதுவே. நகரத்தார் ஏறுகின்றனர், மலையூரார் சுமக்கின்றனர், செய்தித்தாள் இரண்டு நாள் அவரைப் புகழ்கின்றது, மூன்றாம் நாள் அவர் தேயிலை பறிக்கப் போய்விடுகின்றார். புகழ்ச்சியைக்கொண்டு ஒருவரும் அரிசி வாங்குதல் இயலாது.

ஆயின் வழி யாது? துன்பம் வந்தபின் ஒருவனிடம் முழுத்தொகையையும் கேளாமல், துன்பம் வருமுன் எல்லாரிடமும் சிறுதொகை பெறுதலே வழி. சுவிட்சர்லாந்தில் 1952-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் ரேகா என்னும் வான்வழி மீட்பு நிலையம் இதற்குச் சிறந்த சான்று. ஆண்டொன்றுக்கு 40 பிராங்கு அளவில் ஆதரவுத்தொகை செலுத்துவோர் அந்நாட்டில் லட்சக்கணக்கில் உளர். அவருள் ஒருவர் இடருற்றால், காப்புறுதி நிறுவனம் தராத மீட்புச் செலவை அந்நிலையம் தள்ளுபடி செய்கின்றது. பனிமலையை ஒருநாளும் மிதியாத கிழவரும் அதற்குப் பொருள் தருகின்றனர். நியூ ஹாம்ப்ஷயரும் 2015-ஆம் ஆண்டு முதல் இவ்வழியிற் சிறிது திரும்பியது. தனியொருவர் 25 டாலரும் குடும்பத்தார் 35 டாலரும் ஆண்டுதோறும் செலுத்தி ஓர் அட்டை பெற்றால், கவனக்குறைவின்பொருட்டு அவரிடம் மீட்புச் செலவு வாங்கப்படுவதில்லை. வேண்டுமென்றே துணிந்து கேடு தேடியவர்க்கு மட்டும் அவ்விலக்கு இல்லை.

நம் நாட்டிலும் தொடக்கம் இல்லாமலில்லை. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் மலையேற்றத்திற்கென நாற்பது வழிகளை வகுத்து, கட்டணம் பெற்று, மலையூர் இளைஞரையே வழிகாட்டிகளாகப் பயிற்றி ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. குரங்கணியினின்று சாம்பலாற்றுக்குச் செல்லும் வழியும் அவற்றுள் ஒன்று. போர்வை தூக்கிய ஊரின் பிள்ளைகளுக்கு அவ்வழியிற் கூலி கிடைக்குமாயின் அது நல்ல மாறுதலே. நான் வேண்டுவது இன்னும் ஒருபடி மேலே. அக்கட்டணத்தின் ஒரு பங்கை மீட்பு நிதியாகத் தனியே வைத்தல் வேண்டும். அந்நிதி முதலாவது மீட்க வருவோருக்கு உரியதாதல் வேண்டும். கயிறும் விளக்கும் தூக்குக்கட்டிலும் மருந்தும் மலையூரிலேயே இருத்தல் வேண்டும். மீட்பிற்குச் சென்ற ஒவ்வொருவருக்கும் அந்நாட் கூலி மறுக்கப்படாமல் சேரவேண்டும். அவருள் ஒருவர் காயமுற்றாலோ இறந்தாலோ, சீருடை அணிந்த வீரனுக்கு ஆவது அவர் குடும்பத்திற்கும் ஆகவேண்டும்.

"விதியை மீறித் தடுக்கப்பட்ட காட்டினுள் நுழைந்தவனையும் ஒன்றும் செய்யாது விடுவதோ?" என்று சிலர் கேட்கலாம். விடவேண்டா. விதியை மீறியதற்குத் தண்டம் விதிக்கட்டும். அத்தண்டம் அவன் இடருற்றானோ இல்லையோ, மீறியவர் அனைவர்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். குற்றத்திற்குத் தண்டம் வாங்குவது வேறு. உயிரைத் தூக்கி வந்ததற்கு விலை வாங்குவது வேறு. இரண்டையும் கலத்தலினாலேயே குழப்பம் விளைகின்றது.

இன்பப் பயணத்தை வாணிகமாக நடத்துவோர் செய்தி தனியே கருதத்தக்கது. 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18-ஆம் நாள், டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காண்பதற்கு ஐவர் டைட்டன் என்னும் சிறு நீர்மூழ்கியில் இறங்கி மறைந்தனர். ஓர் இருக்கைக்கு இரண்டரை லட்சம் டாலர் என்று அந்நிறுவனம் விலை கூறியிருந்தது. அமெரிக்க, கனடா நாடுகளின் கப்பல்களும் விமானங்களும் நாட்கணக்கில் தேடின. தேடிக் காத்தற்குக் கட்டணம் வாங்குதல் அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் வழக்கமன்று. அதற்கு நான்கு நாள் முன்னர், கிரேக்க நாட்டுப் பைலோஸ் கடற்பகுதியில், பிழைக்க இடம் தேடிப் புறப்பட்ட ஏழைகள் நூற்றுக்கணக்கில் நிறைந்த மீன்பிடிப் படகு ஒன்று மூழ்கிற்று. உயிருடன் மீண்டவர் 104 பேரே. இரண்டையும் ஒருங்கே நோக்கியவர் உள்ளம் கொதித்தது இயல்பு. ஆயினும் இதனின்று நாம் கற்கவேண்டுவது, செல்வரைத் தேடாதே என்பதன்று. ஏழையையும் அவ்வாறே தேடு என்பதே. இடரை விலைகூறி விற்கும் நிறுவனங்களோ, கூட்டத்தைக் கூட்டிப் பணம் பெற்று மலைக்கு அழைத்துச் செல்வோரோ, புறப்படுமுன்னரே மீட்புக்குரிய பிணைத்தொகையைக் கட்டிவிட்டுப் போதல் வேண்டும். ஊதியம் அவர்க்கும் சுமை ஊரார்க்கும் என்பது எந்த அறநூலுக்கும் ஒவ்வாது.

நம் கல்லூரியிற் பயில்வார் பலரும் அறிந்த உவமை ஒன்றனை இங்கு நினைவூட்ட விரும்புகின்றேன். எருசலேமினின்று எரிகோவுக்குச் சென்ற ஒருவன் கள்ளர் கையில் அகப்பட்டான். அவ்வழி இடர் மிக்கது. அவன் அவ்வழியே தனித்துச் சென்றது அறிவுடைமையாகுமா என்று நல்ல சமாரியன் வினவவில்லை. இதனை நாம் பலமுறை பிரசங்கத்திற் கேட்டிருக்கின்றோம். ஆனால் அவ்வுவமையில் மூன்றாம் ஆள் ஒருவன் உளன், அவன் சத்திரக்காரன். காயமுற்றவனைக் கண்காணிக்கும் உழைப்பு அவனைச் சார்ந்தது. சமாரியன், "இஃது அறச்செயல், ஆதலால் நீ இலவசமாகச் செய்" என்று அவனிடம் கூறிப் போகவில்லை. புறப்படுமுன் இரண்டு பணத்தை எடுத்துக் கொடுத்து, மேலும் ஆவதையும் தான் தருவதாக வாக்களித்துப் போனான். காயமுற்றவனிடம் யாதும் கேட்கப்படவில்லை; உழைத்தவனும் ஏமாற்றப்படவில்லை. மலையூர் மக்கள் நமக்குச் சத்திரக்காரர் ஆவர். அவரிடம் இரண்டு பணத்தை முன்கூட்டிக் கொடுத்துச் செல்வது நம் கடன்.

மாணவ நண்பர்காள், விடுமுறை வந்தால் நம்மிற் பலர் மலைகளை நாடுகின்றோம். நாடுக, இளமையில் உயரத்தை நாடாதவன் எப்பொழுது நாடப்போகின்றான்? ஆனால் போகுமுன் செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் விடுதிக் காப்பாளரிடம் எழுதிக் கொடுத்துச் செல்வோம். விலக்கப்பட்ட வழியிற் செல்லாதிருப்போம். இடர் நேர்ந்தால் பொழுது இருக்கும்போதே கூசாமல் உதவிக்கு அழைப்போம். கல்லூரியினின்று மலைக்குச் செல்லும் ஒவ்வொரு குழுவும் தலைக்கு ஐம்பது ரூபாய் வீதம் சேர்த்து, அடிவாரத்து ஊரில் கயிறும் விளக்கும் மருந்துப்பெட்டியும் வாங்கி வைப்பதற்கு அளிக்கும் வழக்கத்தை நம் கல்லூரியே தொடங்கி வைக்கலாம். ஒருவேளைச் சிற்றுண்டியின் விலையே அது. சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டுவதில்லை.

மீட்புச் செலவு யாரைச் சார்ந்தது என்னும் வினாவிற்கு என் விடை இதுவே: மலையை அனுபவிக்கும் நம் அனைவரையும் சார்ந்தது, அதனை நாம் ஏறுமுன்னரே கொடுத்தல் வேண்டும், அது முதலில் நம்மைச் சுமப்பவர் கையைச் சேர்தல் வேண்டும்.